அடிமனத்தின் கதை – 14: தக்கோலத்தில் சாகாதவர்

கி.பி. 949. அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலம். சோழப் பட்டத்து இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே உயிர் விட்டான்.

எப்படி இறந்தான் என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு, ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க அரசன் பூதுகன், அம்பாரியையே போர்க்களமாக்கி இளவரசனைக் குத்திக் கொன்றான் என்கிறது. சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடோ கூரிய அம்புகள் மார்பைத் துளைத்தன என்கிறது. அந்தச் செப்பேடு எதற்காக எழுதப்பட்டது தெரியுமா? நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததற்காக. சோழ குலத்தின் ஆறாத காயம் புத்த பிக்குகளின் பெட்டகத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

ராஜாதித்தனோடு சாக வேண்டிய ஒருவன் அன்று சாகவில்லை.

பெயர் வல்லபன். கேரளத்தில் பிறந்தவன். சிறு வயதிலேயே கலைகளையெல்லாம் கற்றுத் தேர்ந்து சோழ நாடு வந்தான், இளவரசனுக்கு நெருங்கிய தோழன் ஆனான். வடக்கிலிருந்து வரப்போகும் படையை எதிர்பார்த்து ராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பல ஆண்டு பெரும் படையோடு தங்கியிருந்தான். அந்தப் படையில் கேரளத்து வீரர்கள் பலர். அவர்களில் வெள்ளங்குமரன் என்ற படைநாயகன், பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில், 943இல் சிவனுக்குக் கற்றளி எழுப்பினான். கலியுகம் பிறந்து 14,77,037 நாள் ஆயிற்று என்று நாள் கணக்கையும் கல்லில் வெட்டி வைத்தான். அந்த வெள்ளங்குமரனும் இந்த வல்லபனும் ஒரே ஆள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நானும் அதையே நம்புகிறேன். நாளை இவ்வளவு கவனமாக எண்ணியவனுக்கு, தக்கோலத்தில் ஒரு நாள் தவறிப் போனது எப்படி இருந்திருக்கும்!

வல்லபன் போருக்குப் பிறகு எங்கே போனான்? பதில் திருவொற்றியூரில் இருக்கிறது.

*

தேரடியில் மெட்ரோ ரயிலை விட்டு இறங்கினால் நடக்கும் தூரம்தான் தியாகராஜர் கோயில். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓயாது. உள்ளே கருங்கல்லில் பல்லவர், ராஷ்டிரகூடர், சோழர் என ஆயிரம் ஆண்டின் எழுத்து. வடிவுடையம்மனைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த எழுத்தைப் பார்க்காமலே கடந்து போகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது.

இந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் ஒன்று சமஸ்கிருதச் செய்யுளில் அமைந்தது. பேராசிரியர் வே. ராகவன் அதைப் பதிப்பித்து எபிகிராபியா இண்டிகாவில் விளக்கம் எழுதினார். ஒரு மனிதனின் வாழ்க்கைக் கதை அது. வல்லபன் என்பவன் ராஜாதித்தனின் தோழன். தலைவனோடு போர்க்களத்தில் சாகும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று மனம் வெறுத்தான். உலகைத் துறந்து கங்கையில் நீராடினான். திருவொற்றியூருக்கு வந்து, இங்கே நிரஞ்சன குருவின் மடத்தில் மாவிரதம் ஏற்றான். வல்லபன் என்ற பெயர் போயிற்று. சதுரானன பண்டிதர் என்ற பெயர் வந்தது. பிறகு அந்த மடத்துக்கே தலைவர் ஆனார்.

மன்னர்களின் வெற்றியைப் பாடும் கல்வெட்டுகள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒருவர் தன் மனம் உடைந்ததைக் கல்லில் சொல்வது மிக அரிது. அடிமனத்தின் கதையைப் பேசும் இந்தத் தொடர், காவிரிப்பூம்பட்டினத்துப் பௌத்த அறிஞர் புத்ததத்தரைச் சென்ற வாரம் அங்கேயே விட்டுவிட்டு வடக்கே திருவொற்றியூருக்கு ஓடி வந்ததற்கு இதுதான் காரணம். ஒரு மனிதன் தனக்குள் சுமந்த குற்ற உணர்வுக்கு இங்கே ஆவணம் இருக்கிறது. அதை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட் எப்படிப் படித்திருப்பார்? காஞ்சியில் பிறந்து நாலந்தாவுக்குத் தலைவரான தர்மபாலர் எப்படிப் படித்திருப்பார்?

*

ஃப்ராய்ட் இந்தக் குற்ற உணர்வை நன்றாகவே அறிந்தவர். 1896 அக்டோபரில் அவருடைய தந்தை இறந்தார். அதை ஒட்டி ஃப்ராய்டுக்கு ஒரு கனவு வந்தது: கண்களை மூடும்படி சொல்லும் ஓர் அறிவிப்புப் பலகை. இறந்தவரின் கண்ணை மூடும் கடமையா, தவறைக் கண்டுகொள்ளாமல் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோளா? இரண்டும்தான் என்று அவர் கண்டார். உயிரோடு இருப்பவர்களுக்குச் செத்தவர்களிடம் ஏதோ ஒரு கடன்பட்ட உணர்வு இருந்துகொண்டே இருக்கிறது என்ற எண்ணம் அவரிடம் அங்கே வேர்விட்டது. கனவுகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் தந்தையின் மரணத்துக்குத் தன் மனம் காட்டிய எதிர்வினை என்று பின்னால் அவரே எழுதினார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், மகன்கள் ராணுவத்தில் இருந்த வேளையில், துக்கத்தையும் மெலன்கோலியா என்னும் கடுஞ்சோர்வையும் ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1917இல் அது வெளிவந்தது. துக்கத்தில் இருப்பவருக்கு உலகம் வெறுமையாகிறது. மெலன்கோலியாவில் இருப்பவரோ தானே வெறுமையாகிறார், தன்னையே ஓயாமல் திட்டிக்கொள்கிறார். அந்தத் திட்டுகளைப் பொறுமையாகக் கேட்டால், பல அவருக்குப் பொருந்தவே இல்லை. அவர் இழந்த ஆளுக்குத்தான் பொருந்துகின்றன. இறந்தவர்மேல் இருந்த கோபம், வெளியே போக வழியில்லாமல், தன்மேலேயே திரும்பிவிட்டது. இது ஃப்ராய்டின் கண்டுபிடிப்புகளில் மிகக் கூர்மையானது.

அப்படியானால் சதுரானனரின் கதறலைத் திருப்பிப் படிக்க வேண்டுமா? ‘நான் உன்னோடு சாகவில்லையே’ என்பதற்குள் ‘என்னை விட்டுவிட்டு நீ ஏன் போனாய்’ என்பது ஒளிந்திருக்கிறதா?

அவசரப்படக் கூடாது. தலைவனோடு சாவது அந்தக் காலத்தில் வெளிப்படையான கடமை. தலைவனுக்காக உயிர் கொடுப்பதாக உறுதிபூண்ட வேளைக்காரப் படைகள் சோழர்களிடம் இருந்தன. கேரளத்தில் தலைவனுக்காகச் சாகத் துணியும் சாவேர் மரபு வெகுகாலம் நீடித்தது. சாகாமல் திரும்பியவனுக்கு ஊரே குற்றவாளிப் பட்டம் கட்டும்போது, குற்ற உணர்வை மனத்தின் அடியில் தேட வேண்டிய அவசியம் இல்லை. அது மேலேயே கிடக்கிறது.

அடியில் இருப்பதைக் காண, அவர் சொன்னதை விட்டு அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். கங்கையில் நீராடியவர் அங்கேயே இருந்திருக்கலாம். பிறந்த கேரளத்துக்குப் போயிருக்கலாம். அவர் வந்தது மாவிரதத்துக்கு. பழைய தர்ம நூல்களில் ஒரு கழுவாய் உண்டு. பிராமணனைக் கொன்றவன் மண்டையோடு ஏந்திப் பன்னிரண்டு ஆண்டு பிச்சையெடுத்துத் திரிய வேண்டும். சைவத் துறவியரான காபாலிகரும் காளாமுகரும் கொண்ட மாவிரதத்தின் வேர் அந்தக் கழுவாயில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தோழனைக் கொல்லாத ஒருவர், அவனைக் காப்பாற்ற முடியாமல் போன ஒருவர், கொலைக்குக் கழுவாயாகத் தொடங்கிய விரதத்தைத் தேடிவந்து ஏற்றிருக்கிறார். ஃப்ராய்ட் இங்கே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று. அந்தக் கல்வெட்டின் ஆண்டுக் கணக்கு மூன்றாம் கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டு. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்ட அதே கன்னரதேவன். ராஜாதித்தனைக் கொன்ற பக்கத்தின் அரசன். தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில் இருந்தது, எனவே வேறு யார் ஆண்டையும் எழுத முடியாது. தோழனை இழந்த துயரத்தை, தோழனைக் கொன்றவனின் ஆட்சியாண்டைத் தலையில் போட்டுத்தான் சதுரானனர் எழுத வேண்டியிருந்தது. தக்கோலம் முடிந்து சுமார் பத்து ஆண்டு ஆகியும், தோழனின் பெயரை அவர் விடவில்லை.

*

இனி காஞ்சிக்குப் போவோம். காலத்தில் நானூறு ஆண்டு பின்னால்.

அரண்மனையில் திருமண விருந்து. மணமகன் அமைச்சரின் மூத்த மகன், மணமகள் அரசனின் மகள். அன்றிரவு மணமகன் புத்தர் சிலைக்கு முன்னால் விழுந்து அழுதான். இந்தக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டினான். விடிந்தபோது மாப்பிள்ளையைக் காணோம். தெய்வம் தூக்கிக்கொண்டு போனது என்றார்கள். தொலைதூர மலை மடம் ஒன்றில், புத்தர் மண்டபத்துக் கதவைத் திறந்த பிக்கு உள்ளே உட்கார்ந்திருந்த இளைஞனைப் பார்த்துத் திருடனோ என்று சந்தேகப்பட்டார். அந்த இளைஞன்தான் தர்மபாலர். இந்தக் கதையை எழுதி வைத்தவர் சீனப் பயணி யுவான் சுவாங். 640ஐ ஒட்டி அவர் காஞ்சிக்கு வந்தபோது தர்மபாலரின் பிறந்த ஊர் அது என்று கேட்டறிந்தார். அவருக்கு அது வெறும் ஊர்ப்பெருமை அல்ல. அவருடைய குரு சீலபத்திரர் தர்மபாலரின் நேர் மாணவர்.

காஞ்சியில் இன்னொன்றும் நடந்தது. இலங்கையில் அரசன் இறந்து பஞ்சம் வந்ததால் முந்நூறுக்கும் மேற்பட்ட பிக்குகள் கடல் கடந்து காஞ்சிக்கு வந்திருந்தார்கள். மனத்தை ஆராயும் யோகாசாரம் என்ற பௌத்தப் பிரிவின் நூலில் கடினமான இடங்களை யுவான் சுவாங் அவர்களிடம் கேட்டார். சீலபத்திரர் சொன்னதைத் தாண்டி அவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் இலங்கைக்குப் போகாமலே திரும்பினார்.

தர்மபாலர் சொன்னது என்ன? கண், காது, மூக்கு, நாக்கு, உடல் என ஐந்து அறிவு. அவற்றைச் சேர்த்து நினைக்கும் மனம் ஆறாவது. இந்த ஆறும் தூங்கும்போதும் மயங்கும்போதும் அடங்கிவிடுகின்றன. ஆனாலும் காலையில் எழுந்தவன் நேற்றைய அதே ஆளாக, அதே ஆசை, அதே அச்சத்தோடு எழுகிறானே, எப்படி? அடியில் எட்டாவதாக ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் பெயர் ஆலய விஞ்ஞானம். செய்த செயலும் நினைத்த நினைப்பும் அதில் வித்தாகப் படிகின்றன. எள்ளைப் பூவோடு போட்டு வைத்தால் எண்ணெயில் பூ மணப்பதுபோல என்பது யோகாசாரிகளே சொன்ன உவமை. வேளை வரும்போது வித்து முளைக்கிறது, முளைத்த செயல் புது வித்தைப் படியவைக்கிறது. வெள்ளம்போல் அது ஓடுகிறது, எங்கும் தேங்கி நிற்பதில்லை.

இதுவரை கேட்டால் ஃப்ராய்டின் நனவிலி போலவே இருக்கிறது. புதைந்தது அழிவதில்லை, வேறு உருவில் வெளியே வருகிறது என்பதில் இருவரும் ஒன்று. வித்துகள் எங்கிருந்து வருகின்றன என்று மூன்று பேர் சண்டையிட்டார்கள். சந்திரபாலர், எல்லாம் ஆதியிலிருந்தே இருப்பவை என்றார். நந்தர், எல்லாம் அனுபவத்தால் படிந்தவை என்றார். தர்மபாலர், இரண்டும் உண்டு என்றார். ஃப்ராய்டும் அங்கேதான் வந்து சேர்ந்தார். குழந்தைப் பருவ அனுபவத்தையே தோண்டிக்கொண்டிருந்தவர், 1912–13இல் எழுதிய ‘குலக்குறியும் விலக்கும்’ நூலில் மனித குலத்தின் தொடக்கத்தில் மகன்கள் கூடித் தலைவனான தந்தையைக் கொன்றார்கள் என்றும், அந்தக் குற்ற உணர்வு தலைமுறை தலைமுறையாக வருகிறது என்றும் சொன்னார். யாருக்கும் நினைவில்லாத ஒரு மரணத்துக்கு எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். தலைவனின் சாவுக்குத் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்ட சதுரானனரை இந்த இடத்தில் நான் மீண்டும் நினைத்துக்கொள்கிறேன்.

பிரிவு வருவது ஏழாவது அறிவில். எட்டாவது வெள்ளத்துக்கும் ஆறாவது மனத்துக்கும் நடுவே மனஸ் என்று ஒன்றை வைக்கிறார்கள் யோகாசாரிகள். அதற்கு ஒரே வேலைதான். ஓடும் வெள்ளத்தைப் பார்த்து ‘இது நான்’ என்று பிடித்துக்கொள்வது. தூக்கத்திலும் அது விடாது. தன்னைப் பற்றிய அறியாமை, தான் என்ற கருத்து, தன் பெருமை, தன்மேல் ஆசை ஆகிய நான்கும் அதோடு ஒட்டிப் பிறந்தவை. தர்மபாலர் சதுரானனரைச் சந்தித்திருந்தால் வல்லபனின் கோபத்தையோ அன்பையோ விசாரித்திருக்க மாட்டார். தக்கோலத்தில் சாகாத அந்த ‘நான்’ யார் என்று கேட்டிருப்பார். குற்ற உணர்வையும் அகந்தையின் ஒரு கிளையாக அவர் கண்டிருப்பார். என் சாவு அவனைக் காத்திருக்கும் என்ற எண்ணத்தில் எவ்வளவு பெரிய ‘நான்’ இருக்கிறது!

ஃப்ராய்டும் 1923இல் இந்த எல்லை வரை வந்தார். ‘நான்’ என்பதன் ஒரு பகுதியே நனவிலியில் கிடக்கிறது என்று எழுதினார். ஆனால் அவர் தந்த மருந்து நேர் எதிர். அடியில் இருப்பதை ‘நான்’ மீட்டெடுக்க வேண்டும். 1933இல் அதை அவர் ஹாலந்துக்காரர்கள் கடலை வற்றவைத்து நிலம் எடுக்கும் வேலையோடு ஒப்பிட்டார். திருவொற்றியூர்க் கரையில் கடலரிப்புக்கு எதிராகக் கருங்கல் கொட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்த நமக்கு அது என்ன பாடு என்று புரியும். தர்மபாலருக்கோ அந்த ‘நான்’ நிலமே அல்ல, அதுவும் தண்ணீர்தான். பிடித்திருக்கும் கை விட்டால் எட்டாவது அறிவு அடியோடு திரும்பிக் கண்ணாடி போன்ற ஞானம் ஆகும் என்றார்.

உளப்பகுப்பாய்வாளர்கள் பௌத்தத்தைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1920இல் பார்பரா லோ தந்த ‘நிர்வாணத் தத்துவம்’ என்ற பெயரை ஃப்ராய்ட் எடுத்துக்கொண்டு, மனம் எல்லாக் கிளர்ச்சியையும் அணைத்துவிடத் துடிப்பதைக் குறிக்கப் பயன்படுத்தினார். 1922இல் பெர்லினில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், புத்தத் தியானம் கருப்பைக்குத் திரும்பும் பின்னடைவு என்று வாதிட்டார். எனக்கு இது பொறுக்கவில்லை. அணைந்துபோவதை மட்டுமே அவர்கள் பௌத்தத்தில் பார்த்தார்கள். வித்தும் வெள்ளமும் பற்றிய இவ்வளவு நுட்பமான மன ஆராய்ச்சி அவர்கள் கண்ணில் படவே இல்லை. படவும் வழியில்லை. தர்மபாலரின் உரை சமஸ்கிருதத்தில் தொலைந்துவிட்டது. யுவான் சுவாங் 659இல் சீன மொழியில் தொகுத்த நூலுக்குள்தான் அது உயிரோடு இருந்தது. அந்தச் சீன நூலை அறிஞர் லா வல்லே பூசேன் பிரெஞ்சில் கொண்டுவந்தது 1928இல். காஞ்சிக்காரரின் சொல் ஐரோப்பாவுக்குப் போக நாலந்தா, சீனா, பாரீஸ் என்று சுற்ற வேண்டியிருந்தது.

*

திருவொற்றியூருக்குத் திரும்புவோம். கல்வெட்டின் கடைசிச் செய்தியை நான் இன்னும் சொல்லவில்லை.

சதுரானனர் நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் 100 நிஷ்கப் பொன் கொடுத்தார். அதன் வட்டியில் மாதந்தோறும் ஒரு நாள் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடக்க வேண்டும். அந்த நாள் ராஜாதித்தன் இறந்த நாள் அல்ல. அவிட்டம். சதுரானனரின் பிறந்த நட்சத்திரம். தக்கோலத்தில் செத்திருக்க வேண்டியவன் நான் என்று நொந்த மனிதர், தான் பிறந்த நாளுக்கு விளக்கேற்றச் சொல்லிப் பொன் வைக்கிறார்! பத்து ஆண்டு விரதம் அவருக்கு என்ன செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உயிரோடு இருப்பதற்குத் தன்னையே அவர் மன்னித்துவிட்டார் என்று நான் படிக்கிறேன். ஃப்ராய்டின் சாய்வுப் படுக்கையும் இல்லாமல், தர்மபாலரின் தியானமும் இல்லாமல், திருவொற்றியூர் மடத்தில் அது நடந்திருக்கிறது.

சதுரானன பண்டிதர் என்ற பெயர் அவரோடு முடியவில்லை. மடத்துத் தலைவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கினார்கள். ராஜேந்திர சோழன் காலத்துச் சதுரானனர் முயற்சியில்தான் இன்று நாம் காணும் கருங்கல் விமானம் எழுந்தது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜன் பங்குனி உத்திர விழாவுக்கு இங்கே வந்தபோதும் ஒரு சதுரானன பண்டிதர் அவன் அருகே இருந்தார். மகிழ மரத்தடியில் அரசனும் பண்டிதரும் உட்கார்ந்து ஒரு கதை கேட்டார்கள். ஆளுடைய நம்பியின் புராணம். சுந்தரர் கதை.

அவர்கள் உட்கார்ந்த அந்த மரத்தடியில்தான் கதையே நடந்தது. இந்த ஊரில் சங்கிலி என்ற பெண்ணை மணக்க, உன்னைப் பிரிய மாட்டேன் என்று அவளுக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். சுந்தரர் முன்கூட்டியே இறைவனிடம் போனார். நான் சன்னதிக்கு வந்து சத்தியம் செய்யும்போது நீர் கருவறையில் இருக்காமல் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சத்தியம் செய்யும் முன்பே அதை மீறப்போவதை அவர் மனத்தில் ஏதோ ஒன்று அறிந்திருந்தது. இறைவன் சரி என்றார். அன்றிரவே சங்கிலியின் கனவில் வந்தார். கோயிலில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்றார்.

சுந்தரர் தப்ப வழியில்லாமல் மரத்தடியில் சத்தியம் செய்தார். திருமணம் நடந்தது. பிறகு வசந்தம் வந்தது. திருவாரூர் நினைவும் அங்கே இருந்த மனைவி பரவையின் நினைவும் ஒன்றாக வந்தன. ஒரு நாள் அவர் தெற்கே நடந்தார். ஊரின் எல்லை வந்தது. காலை எடுத்து வெளியே வைத்தார்.

இரண்டு கண்ணிலும் உலகம் இருண்டது.

1910இல் ஃப்ராய்ட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாமலே பார்வை போனவர்களைப் பற்றியது. அவர்களின் கண் குருடானது எதனால் என்று அதில் அவர் சொன்ன பதிலைச் சுந்தரர் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? சுந்தரருக்கு இழந்த இரண்டு கண்ணில் ஒன்று திரும்பக் கிடைத்த ஊர், தர்மபாலர் மணப்பந்தலை விட்டு ஓடிய அதே காஞ்சி. ஏன் அங்கே? ஏன் ஒரு கண் மட்டும்?

(தொடரும்)